புதிய தலைமை ஆசிரியருக்கு: பெற்றோரைப் பள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுவரும் வேலை, படிப்படியாக

ஜூன் மாதம் பொறுப்பேற்கிற தலைமை ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் பெற்றோர் கூட்டத்துக்குத் தேதி குறிப்பார்கள். நூற்றைம்பது நாற்காலி போடுவார்கள், முப்பது பேர் வருவார்கள். "இந்த ஏரியா ஆளுங்களுக்கு அக்கறையே இல்லை" என்று அன்றைக்கே ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார்கள். வடசென்னையில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனபோது நானும் இப்படித்தான் தொடங்கினேன்.

இந்த வேலையில் பெரிய கூட்டம் ஆறாவது படி. முதல் ஐந்து படிகளைத் தாண்டிக் குதித்தால் நாற்காலி வாடகைதான் மிச்சம். பதவி உயர்வில் வருகிறவர்கள் என்னிடம் கேட்கும்போது சொல்கிற வரிசையை இங்கே எழுதுகிறேன். மாநகராட்சி, அரசு, உதவி பெறும் பள்ளி எதுவானாலும் வரிசை ஒன்றுதான், மேலதிகாரியின் பெயர்தான் மாறும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எமிஸ் தளத்தில் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) இருந்து வகுப்புவாரியாக மாணவர் பட்டியலை எடுத்து, அதைத் தெருவாரியாக மாற்றி எழுதுங்கள். இதற்கு ஒரு நாள் முழுக்கப் போகும், போகட்டும். வகுப்புவாரிப் பட்டியல் மார்க் போடத்தான் உதவும். வீட்டுக்குப் போகவும், மழை வந்தால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கவும் தெருதான் வேண்டும்.

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு அரைப் பக்கம். கணினியில் வைத்துக்கொள்ளலாமே என்று இளையவர்கள் கேட்பார்கள். மாடிப்படியில் நின்றுகொண்டு ஒரு அம்மாவிடம் பேசும்போது நோட்டுதான் கைகொடுக்கிறது.

பள்ளிக்கென்று தனியாக ஒரு சிம் கார்டு வேண்டும். சொந்த எண்ணைக் கொடுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: இரவு 11 மணிக்கும் அழைப்பு வரும், அல்லது நீங்கள் மாறுதலில் போகும்போது பெற்றோரின் ஒரே தொடர்பும் உங்களோடு போய்விடும்.

அப்புறம் சத்துணவுக் கூடத்து அக்காவிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். ஆசிரியர்களில் பலர் தாம்பரத்தில் இருந்தும் ஆவடியில் இருந்தும் ரயிலில் வருகிறவர்கள். அந்த அக்கா அதே தெருக்காரர். எந்த வீட்டில் அப்பா இல்லை, எந்தப் பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது, யார் வாடகை கட்ட முடியாமல் வீடு மாறுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கேட்டதை அவர் பெயர் சொல்லி வெளியே பேசாதீர்கள், அடுத்த முறை சொல்ல மாட்டார்.

2. தொலைபேசி எண்களைச் சரிபார்ப்பது

எமிஸில் உள்ள எண்களில் கணிசமானவை உயிரோடு இருக்காது. ரீசார்ஜ் செய்யாமல் போன எண், பக்கத்து மளிகைக் கடை எண், சேர்க்கையின் போது கூட வந்த மாமாவின் எண் என்று எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என்று அழைத்துப் பார்த்தால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும்.

ஒரு பிள்ளைக்கு இரண்டு எண் வாங்குங்கள். ஒன்று கட்டாயம் அம்மாவுடையது, அல்லது பிள்ளையை நிஜமாகவே வளர்க்கிறவருடையது. அப்பாவின் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்டில் இருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி என்ன ஆகப் போகிறது?

எந்த மொழியில் பேசினால் புரியும் என்பதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வடசென்னையில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கட்டட வேலைக்கு வந்த இந்தி, ஒடியா, வங்காளக் குடும்பங்கள் உண்டு. பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். அவனைப் பற்றிய புகாரை அவனே மாற்றிச் சொல்கிற கூத்தை நான் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பையன், ஆனால் காரியம் கெட்டது.

3. காலையில் வாசலில் நிற்பது

செலவே இல்லாத படி இது. தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவு வந்த பிறகு பிள்ளைகள் எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறார்கள், சின்னப் பிள்ளைகளை யாராவது கொண்டுவந்து விடுகிறார்கள். ஜூன் மாதம் முழுக்க அந்த அரை மணி நேரம் கேட்டில் நின்றாலே பாதிப் பேரின் முகம் பழகிவிடும்.

நின்று என்ன பேசுவது என்று கேட்பார்கள். ஒன்றும் பேச வேண்டாம். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கூட வந்தவருக்கு வணக்கம் சொல்லுங்கள், அவ்வளவுதான். கேட்டில் வைத்துப் புகார் சொல்வதுதான் புதியவர்கள் செய்கிற தவறு. வேலைக்குப் போகிற அவசரத்தில் நிற்கும் அம்மாவிடம் பத்துப் பேர் முன்னால் "உங்க பையன் ஹோம்வொர்க்கே பண்றதில்ல" என்றால், மறுநாள் அவர் தெருமுனையிலேயே பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்.

4. முதல் அழைப்பு நல்ல சேதியாக இருக்கட்டும்

பள்ளியில் இருந்து போன் வந்தாலே நம் பெற்றோருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அடிபட்டிருக்கும், சண்டை போட்டிருப்பான், எதையோ உடைத்திருப்பான். இதுவரை நாம் அழைத்த காரணங்கள் அப்படி. அதனால்தான் பலர் எடுப்பதே இல்லை.

ஜூலை முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நல்ல சேதி போக வேண்டும். வகுப்பாசிரியர் பேசலாம், ஒரு நிமிடம் போதும்: "அம்மா, ஸ்கூல்ல இருந்து பேசறேன். பயப்படாதீங்க, நல்ல சேதிதான். இன்னிக்கு உங்க பொண்ணு புதுசா சேர்ந்த பிள்ளைக்கு அவளாவே இடம் விட்டு உக்கார வச்சா. சொல்லணும்னு தோணுச்சு."

கவனியுங்கள், சேதி அன்று நடந்த ஒரு காரியம். "நல்லாப் படிக்கிறா" என்பது யாருக்கும் பொருந்தும் பேச்சு, அதைப் பெற்றோர் கண்டுபிடித்துவிடுவார்கள். சேட்டைக்காரனுக்கு என்ன சொல்வது என்று ஆசிரியர்கள் முனகுவார்கள். ஒரு வாரம் அவனைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏதாவது கிடைக்கும். கிடைக்கவே இல்லை என்றால் பார்க்கிற விதத்தில்தான் கோளாறு.

முதல் சேதி நல்லதாகப் போயிருந்தால் ஆகஸ்டில் கெட்ட சேதிக்கு அழைக்கும்போது போனை எடுப்பார்கள், கோபப்படாமல் கேட்பார்கள். இந்தப் படியின் பயனே அதுதான்.

5. வீட்டுக்குப் போவது

நேரம் அதிகம் பிடிக்கிற படி, தவறு அதிகம் நடக்கிற படியும் இதுதான்.

*யார் வீட்டுக்கு முதலில்.* பள்ளிக்கு வராத பிள்ளைகள் வீட்டில் இருந்து தொடங்கக் கூடாது. அப்படித் தொடங்கினால் "டீச்சர் வந்துட்டுப் போனாங்களா, என்ன பிரச்சனை?" என்று தெருவே கேட்கும். ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அங்கே இருக்கிற நம் பிள்ளைகள் எல்லார் வீட்டுக்கும் வரிசையாகப் போங்கள். அப்போது அது சாதாரண விஷயம் ஆகிவிடும். போகாத வீட்டில்தான் "எங்க வீட்டுக்கு ஏன் வரல?" என்று கேட்பார்கள்.

*எப்போது.* தெருவின் பிழைப்பைப் பொறுத்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் விடிகாலையில் கிளம்பி மதியத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். காசிமேட்டுப் பக்கம் விடியற்காலை ஏலம் முடிந்து தூங்குகிற வீட்டைப் பத்து மணிக்குத் தட்டக் கூடாது. தண்ணீர் லாரி வருகிற நேரம் தெரிந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். குடத்தோடு வரிசையில் நிற்கிறவர் நம்மிடம் என்ன பேசுவார்?

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பள்ளி திறக்கும் நேரத்தில்தான் மீனவர் வீடுகளில் கையில் காசு இருக்காது. அந்த வாரங்களில் எதற்கும் பணம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

*யார் போவது.* எப்போதும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். பெரிய குடியிருப்புகளில் எட்டாவது மாடி வரை ஏற வேண்டியிருக்கும், லிப்ட் ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள். முடிந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் (பெற்றோர் அதிகம் இருக்கிற குழு, 7வது படியில் சொல்கிறேன்) இருக்கிற, அதே பகுதியைச் சேர்ந்த ஒரு அம்மாவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

*போய் என்ன செய்வது.* பதினைந்து நிமிடம் போதும். உள்ளே கூப்பிட்டால் போங்கள், கூப்பிடாவிட்டால் வாசலிலேயே பேசுங்கள். தண்ணீரோ டீயோ கொடுத்தால் குடித்துவிடுங்கள். "வேணாம்மா" என்று நாம் மரியாதைக்குச் சொல்வதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள நம் ஊரில் காரணம் உண்டு. அறையைச் சுற்றிக் கண்ணை ஓட்டாதீர்கள். வருமானம், சாதி, குடி பற்றி எதுவும் கேட்காதீர்கள். ஒரே கேள்வி போதும்: "பிள்ளையைப் பத்தி எங்களுக்குத் தெரியாதது எதுனா இருக்காம்மா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதலில் "ஒண்ணும் இல்ல மிஸ், நல்லா அடிச்சுச் சொல்லிக் குடுங்க" என்பார்கள். அடிக்கக் கூடாது என்பது சட்டம், கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். இரண்டு நிமிடம் கழித்துத்தான் நிஜமான விஷயம் வரும். அவனுக்கு இடது காது சரியாகக் கேட்காது, அவள் ராத்திரியில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலையில் இருந்து தண்ணீரே குடிப்பதில்லை, இப்படி. நோட்டை அங்கேயே திறக்காதீர்கள். தெருமுனைக்கு வந்த பிறகு எழுதிக்கொள்ளுங்கள்.

*போட்டோ.* எடுக்காதீர்கள். முதல் வருடம் ஒரு வீட்டில் எடுத்த படத்தை ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், அது எங்கெங்கோ சுற்றியது. பின்னால் ஒழுகும் கூரையும் துணி மூட்டையும் தெரிய அந்த அம்மா நிற்கிற படம். அவர் அதற்கப்புறம் பள்ளிப் பக்கம் வரவே இல்லை, அந்தப் பிள்ளையின் டிசி வாங்கக் கூடப் பாட்டிதான் வந்தார். அறிக்கைக்குப் படம் வேண்டும் என்று மேலிருந்து கேட்டால், தெருப் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

6. இப்போது கூட்டம்

ஆகஸ்டில் வைக்கலாம். மொத்தப் பள்ளிக்கும் ஒரே கூட்டம் வேண்டாம். வகுப்புக்கு ஒரு நாள், முப்பது நாற்பது பேர், மாலை ஐந்தரைக்கு மேல் அல்லது விடுமுறை நாள் காலையில். வேலை நாள் மதியம் மூன்று மணிக்குக் கூப்பிடுவது, தினக்கூலிக்காரரிடம் அரை நாள் சம்பளத்தைக் கேட்பதற்குச் சமம்.

அழைப்பை அச்சடித்துக் கொடுத்தால் பையிலேயே கிடக்கும். வகுப்பாசிரியர் தன் குரலில் நாற்பது நொடி பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். படிக்கத் தெரியாதவருக்கும் போய்ச் சேரும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் யார் யார் என்பது உங்கள் நோட்டில் இருக்கும், அவர்களை நேரில் அழையுங்கள்.

மார்க்கைச் சபையில் வாசிக்காதீர்கள். இதை இன்னமும் செய்கிறார்கள், எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. நாற்பது பேர் முன்னால் தன் பிள்ளை கணக்கில் 12 என்று கேட்ட அப்பா வீட்டுக்குப் போய் என்ன செய்வார் என்பது எல்லா ஆசிரியருக்கும் தெரியும். ஒவ்வொருவரோடும் தனித்தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். காத்திருக்கிறவர்களுக்குப் பிள்ளைகளின் நோட்டுகளை எடுத்துக் கையில் கொடுங்கள்.

முதல் கூட்டத்தில் நன்கொடை என்ற வார்த்தையே வரக் கூடாது. மின்விசிறி வேண்டும்தான், ஆனால் அது பிறகு.

7. மேலாண்மைக் குழுவை நிஜமான குழு ஆக்குவது

பள்ளி மேலாண்மைக் குழு, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21வது பிரிவில் வருவது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் மறுகட்டமைப்பு செய்தபோது 20 பேர். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆனார்கள். தலைவர் ஒரு தாய். வார்டு உறுப்பினரும் குழுவில் உண்டு. தலைமை ஆசிரியர் கூட்டுகிறவர் மட்டும்தான்.

பெற்றோர் ஆசிரியர் கழகமும் இதுவும் ஒன்று என்று புதியவர்கள் பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவதும், பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் சட்டப்படி இந்தக் குழுவின் வேலை.

நடைமுறையில் என்ன ஆகிறது என்றால், தீர்மானத்தை முன்னாலேயே எழுதி வைத்துவிட்டு, தலைவியை வரச்சொல்லி, "இங்க ஒரு கையெழுத்து போடும்மா" என்கிறோம். ஒரு தரம் அப்படிப் போட்டவர், அடுத்த கூட்டத்தில் ஏன் வாய் திறக்க வேண்டும்?

மாற்றுவதற்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் தலைவியோடு இருபது நிமிடம் உட்கார்ந்து, நாளைக்குப் பேசப் போகிற மூன்று விஷயங்களையும் (மூன்றுக்கு மேல் வேண்டாம்) படித்துக் காட்டுங்கள். கணக்கை எண்ணால் சொல்லுங்கள், எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, கையில் எவ்வளவு. "தலைவர்" என்றே எல்லார் முன்னாலும் கூப்பிடுங்கள். கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தைச் சத்தமாக வாசித்த பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

முதல் தீர்மானம் ஒரு மாதத்தில் முடிகிற காரியமாக இருக்கட்டும். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போல. கூடுதல் வகுப்பறையில் தொடங்கினால் மூன்று வருடம் ஆகும், அதற்குள் குழு ஓய்ந்துவிடும். தாழ்ப்பாள் போட்டதும் தலைவியையே அழைத்துப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அப்படிச் செய்தபோது அவர் தாழ்ப்பாளை இரண்டு தரம் போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, "மேல எட்டாத பசங்களுக்குக் கீழ ஒண்ணு வேணுமே டீச்சர்" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

8. வராத பிள்ளையைப் பின்தொடர்வது

நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலை பத்தரைக்குள் ஒரு அழைப்பு. மூன்றாம் நாள் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். ஒரு வாரம் தாண்டினால் மேலாண்மைக் குழுவின் அந்தத் தெரு உறுப்பினரிடம் சொல்லி, பள்ளிகளைப் பார்வையிட வருகிற ஆசிரியர் பயிற்றுநருக்கும் தெரியப்படுத்துங்கள். மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்க்கும்போது கண்டுபிடிப்பது ரொம்பத் தாமதம். அதற்குள் ஒரு பையன் மெக்கானிக் கடையில் பழகி, வாரச் சம்பளமும் வாங்கியிருப்பான்.

"ஏன் வரல?" என்று தொடங்காதீர்கள், "உடம்பு சரியில்லையா?" என்று கேளுங்கள். காரணம் சொல்ல அது ஒரு வழி விடும்.

சென்னையில் தனியாகக் கவனிக்க வேண்டிய காரணம் வீடு மாறுவது. ஆற்றங்கரையில் இருந்து குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றும்போது பிள்ளையின் பள்ளி ஒரே நாளில் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடுகிறது. நடு வருடத்தில் அப்படி வருகிறவர் டிசி இல்லை என்று தயங்குவார். கல்வி உரிமைச் சட்டத்தின் 5வது பிரிவின்படி, டிசி வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது, அது 14வது பிரிவு. முதலில் உட்கார வையுங்கள், காகிதம் பின்னால் வரட்டும். உங்கள் பள்ளியில் இருந்து அப்படிப் போகிற பிள்ளை என்றால், போய்ச் சேர்ந்த பள்ளியின் தலைமை ஆசிரியரை நீங்களே அழைத்து, "சேர்ந்துட்டானா?" என்று கேளுங்கள். "டிசி கொடுத்தாச்சு" என்று பதிவேட்டை மூடிவிடுகிற இடத்தில்தான் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

பதினெட்டு வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு, வேலைக்கு அனுப்புவது, வீட்டில் அடி உதை, இவை தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். பாலியல் தொல்லை என்றால் தலைமை ஆசிரியருக்கு யோசிக்க இடமே இல்லை. உடனே காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது குற்றம். "பேசி முடிச்சுக்கலாம்" என்று யார் வந்தாலும், எந்தக் கட்சிக்காரர் வந்தாலும், பேசுவதற்கு உட்காராதீர்கள்.

9. புகார் நோட்டு

பெற்றோர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் எண், தேதி, யார் பார்க்கிறார்கள், ஏழாம் நாள் என்ன பதில் சொன்னோம். "முடியாது" என்பதும் பதில்தான். பதிலே வராதபோதுதான் மாநகராட்சிக்கும், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கும் போன் போகும், அப்புறம் நாம் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்போம். ஆசிரியர் மேல் புகார் என்றால் அந்த ஆசிரியரையும் பெற்றோரையும் முதல் தடவையே எதிரெதிரே நிறுத்தாதீர்கள். தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் பிறகு சேர்த்து உட்கார வையுங்கள்.

10. மழைக்கு முன்

அக்டோபர் முதல் வாரத்தில் தெருவாரிப் பட்டியலை இன்னொரு படி எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டில் வையுங்கள். வெள்ளம் வந்தால் நம் பள்ளியே நிவாரண முகாம் ஆகும், ஆபீஸ் அறை திறக்க முடியாமல் கிடக்கும். தண்ணீர் வடிந்த மறுநாள் செய்ய வேண்டிய அழைப்பில் படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம். எல்லாரும் பத்திரமா, புத்தகம் நனைந்ததா என்று கேளுங்கள், அது போதும். நனைந்த புத்தகங்களின் எண்ணிக்கையை அன்றே மேலே அனுப்பினால்தான் மாற்றுப் புத்தகம் சீக்கிரம் வரும்.

11. ஒப்படைப்பது

நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறவர்கள் ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும். நாம் அதிகமாகப் பிள்ளைகளை இழக்கிற இடம் அதுதான். ஏப்ரலில் அந்தப் பெற்றோரை மட்டும் கூப்பிட்டு உயர்நிலைப் பள்ளிக்கு நேரில் அழைத்துப் போய்க் காட்டுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள். இங்கிலீஷ் மீடியம் என்று பக்கத்துச் சின்னத் தனியார் பள்ளிக்கு இடையில் மாற்ற நினைக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்காது. ஜூன் மூன்றாம் வாரம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரும் சேர்ந்துவிட்டதா என்று சரிபாருங்கள்.

உங்களுக்கே மாறுதல் வந்தால், அந்த நீள நோட்டையும் சிம் கார்டையும் அடுத்தவர் கையில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் நோட்டை ஒரு முறை புரட்டி, வீட்டு ரகசியமாகச் சொல்லப்பட்டவற்றில் அவருக்குத் தேவைப்படாததை அடித்துவிடுங்கள். பிறகு ஒரு சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு தெருவாவது நடந்துவிட்டு வாருங்கள்.